நிறுத்தினால் ஓடும் கேமரா

"உனக்கு வாய் பேச வருமா, வராதா?"

வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி அவளிடம் கேட்ட கேள்வி. அவள் தலையை மட்டும் ஆட்டினாள். வீடியோ மாற்றித் தரும் கடைக்கு அதுவே போதும் என்று அவர் சேர்த்துக்கொண்டார். சட்டம் ஒன்றே ஒன்றுதான்: மாற்றிய கிளிப் ஒவ்வொன்றையும் வாங்க வந்தவர் முன்னால் ஓட்டிக் காட்டாமல் எதையும் கொடுத்தனுப்பக் கூடாது.

இரண்டு வருடமாக அந்தச் சட்டத்தால் அவளுக்கு ஒரு தொல்லையும் இல்லை. இன்றுதான் கழுத்தைப் பிடித்தது.

காலையில் ஒரு பெரியவர் டிஜிட்டல் கேமராவைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். மனைவியோடு சுற்றுலா போய் எடுத்த பத்தொன்பது கிளிப்புகள் வீட்டு டிவியில் ஓடவில்லையாம். ஓடுகிற மாதிரி மாற்றி, பென் டிரைவில் போட வேண்டும்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதல் கிளிப்பை ஓட்டினாள். தரை. இரண்டாவதிலும் தரை, கூடவே அவருடைய கால் கட்டைவிரல். மலையையும் காணோம், அருவியையும் காணோம். மனிதர் முதல் நாளே பொத்தானை ஒரு தடவை கூடுதலாக அழுத்திவிட்டார் போல. பிறகு அவர் எடுப்பதாக நினைத்தபோதெல்லாம் கேமரா நின்றது. நிறுத்தியதாக நினைத்துக் கழுத்தில் தொங்கவிட்டபோதெல்லாம் ஓடியது.

அதற்குக் காது மட்டும் நன்றாகவே கேட்டிருந்தது.

"சாப்பிட்டியா கண்ணு?" என்று யாருக்கோ போன் பேசினார் பெரியவர். "அவ செருப்புக் கடைக்குள்ள போயிருக்கா. வர அரை மணி ஆகும், நீ பேசு."

ஆறாவது கிளிப்பில், கண்ணுவைப் பார்க்காமல் தூக்கமே வருவதில்லை என்றார். பதினொன்றில், இது மட்டும் மனைவிக்குத் தெரிந்தால் வீட்டை இரண்டாக்கிவிடுவாள் என்றார்.

அவளுக்கு ஒரு குடும்பமே தன் கையிலிருக்கும் மவுஸில் தொங்குவதுபோல் இருந்தது. பென் டிரைவை வாங்கப் பெரியவரே வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

வந்தது அவர் மனைவி. வார் அறுந்து ஊக்குக் குத்திய செருப்பை வாசலில் விட்டுவிட்டு, பேசிக்கொண்டே உள்ளே வந்தார்.

"அம்மா, தரைதான் விழுந்திருக்கு. நாளைக்கு சார் வந்து..." என்று அவள் இழுத்தாள். அவள் பேசுவதைக் கேட்டு முதலாளியே நிமிர்ந்து பார்த்தார்.

"தரையா? தரை வீட்லயே இருக்கே, அதுக்கா நாலு நாள் பஸ்ல போனோம்? போடு பாப்பா, எந்த ஊர்த் தரைன்னு பாப்போம்."

முதலாளியும் தலையசைத்தார். வேறு வழியில்லாமல் ஓட்டினாள்.

முதல் 'கண்ணு'வில் அந்த அம்மாவின் சிரிப்பு மறைந்தது. ஆறாவதில் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இருபத்தெட்டு வருஷமா என்னை 'இந்தா'ன்னுதான் கூப்பிடறார். யாரோ ஒருத்தி கண்ணாம். ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாம ஒளிஞ்சு பேசுற பழக்கமே எங்க வீட்ல கிடையாது தெரியுமா? நிறுத்தாத, போடு. இன்னிக்கு இருக்கு அவருக்கு."

அவள் முதலாளியைப் பார்த்தாள். முதலாளி சுவரைப் பார்த்தார்.

மிச்சம் இருந்தது பத்தொன்பதாவது கிளிப். அதை அவளும் இன்னும் கேட்டிருக்கவில்லை. கடைத்தெரு இரைச்சல். "ஒண்ணும் கேக்கல கண்ணு, இரு, ஸ்பீக்கர்ல போடறேன்" என்றார் பெரியவர்.

ஓர் இளம்பெண்ணின் குரல் கணீரென்று வந்தது.

"நல்லா இருக்குப்பா. இஷ்டப்பட்டவரைக் கட்டிக்கிட்டு நான் வீட்டை விட்டு வந்து மூணு வருஷம் ஆச்சு. நீங்க அம்மாவுக்குப் பயந்து ஊர் ஊரா செருப்புக் கடை வாசல்ல நின்னு எங்கிட்டப் பேசறீங்க. அம்மா உங்களுக்குப் பயந்து அதே கடைக்குள்ள நின்னு பேசறாங்க. இப்பதான் போனை வச்சாங்க."

கிளிப் முடிந்தது. அந்த அம்மா பென் டிரைவை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். வாசலுக்குப் போய் ஊக்குக் குத்திய அந்தப் பழைய செருப்பை மாட்டினார். ஒரு வார்த்தை பேசாமல் படியிறங்கிப் போனார்.