ஆறு மணிக்கு ஏறும் மேசைகள்

அலுவலகங்களை வடிவமைப்பது அவள் தொழில். கணவன் வேலை பார்க்கும் கம்பெனியே அவளைக் கூப்பிட்டு, "ராத்திரி பகலா உழைச்சு ஆளுங்க சுருண்டு விழறாங்க, ஏதாவது பண்ணுங்க" என்று கேட்டது. அவளுக்குச் சொல்லவா வேண்டும்! அவள் மகள் அப்பாவின் முகத்தைத் தூக்கக் கலக்கத்தில்தானே பார்த்து வந்தாள்.

செடிகள் வைத்தாள், சாய்வு நாற்காலி போட்டாள். அதெல்லாம் ஒப்புக்கு. ஆறு மணி அடித்ததும் மேசைகள் எல்லாம் கம்பியில் ஏறிக் கூரையோடு ஒட்டிக்கொள்ளும். அதுதான் அவள் போட்ட போடு.

"இனி எங்க உட்கார்ந்து வேலை பார்க்கறாங்கன்னு பார்த்துடலாம் சார்" என்றாள் முதலாளியிடம்.

முதல் நாளே பலித்தது. வெளிச்சம் மங்குவதற்குள் கணவன் வீட்டுக்கு வந்து நின்றான். மகள் அவனை யானையாக்கி, முதுகில் ஏறி வீடெல்லாம் ஓட்டினாள். அந்த நேரம் பார்த்து அலுவலகக் காவலாளி போன் செய்தார்.

"அம்மா, மேசையெல்லாம் ஏறிடுச்சு. உங்க வீட்டுக்காரர் மட்டும் மேசையோட மேல போயிட்டார். கூப்பிட்டா இறங்க மாட்டேங்கறார்."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். மறுமுனையில், எங்கோ உயரத்தில் கீபோர்டு தட்டும் சத்தம். "இதோ, முடிஞ்சுது" என்றது, இத்தனை வருஷமாய்ப் போனில் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன அதே குரல்.

கூடத்தில் யானை பிளிறியது. "யாரு போன்ல?" என்றான் கணவன், மூச்சு வாங்க.

"உங்க ஆபீஸ்தான். நீங்க விளையாடுங்க."

பிறகு காவலாளியிடம் நிதானமாகச் சொன்னாள்: "அவர் அங்கயே இருக்கட்டும் அண்ணே. விளக்கை மட்டும் அணைச்சிடாதீங்க, கண்ணு வலிக்கும் அவருக்கு."

போனை வைத்துவிட்டு, யானைக்குத் தண்ணீர் எடுக்கப் போனாள்.