பொழுது சாயும்வரை

ரேயுமாள் தன் நேர்ச்சையைச் சொல்லி முடித்தபோது கணவன் சக்கூரின் வாய் நிறைய ரொட்டி இருந்தது.

நேரம் பார்த்துத்தான் சொன்னாள். காடியில் தோய்த்த ரொட்டியை அவன் மென்று விழுங்குவதற்குள், கூடையைத் தூக்கிக்கொண்டு கதிர் கட்டும் பெண்களோடு போய்ச் சேர்ந்துகொண்டாள்.

மழைக்காலத்தில் அவன் காய்ச்சலில் கிடந்தான். ஏழாம் நாள் கண் திறக்கவில்லை. கூப்பிட்டால் அசைவில்லை.

இவர் பிழைத்தால் ஒரு வருடம் சீலோவில் உன் திருக்கூடாரத்து வாசலில் பணிவிடை செய்கிறேன் என்று அவன் தலைமாட்டில் வாய்விட்டுக் கர்த்தருக்கு நேர்ந்துகொண்டாள். மறுநாள் கஞ்சி கேட்டான்.

நாளை விடிந்தால் முதல் விளைச்சல் கூடைகளோடு ஊரார் சீலோவுக்குக் கிளம்புகிறார்கள். இனியும் மறைக்க முடியாது.

பெண் எதை நேர்ந்துகொண்டாலும் கடிவாளம் கணவன் கையில். தன் காதில் விழுந்த அன்றைக்கே அவன் 'வேண்டாம்' என்றால் நேர்ச்சை செல்லாது. பொழுது சாயும்வரை வாய் திறக்காவிட்டால் அது உறுதியாகிவிடும். பிறகு அவனாலும் மாற்ற முடியாது.

கணவன் தடுத்தால் கர்த்தர் அவளை மன்னித்துவிடுவார் என்பார்கள். அவளை மன்னிப்பார், சரி. கொடுத்த உயிரைத் திருப்பி எடுத்துக்கொண்டால்?

"ஏன் அண்ணி, வருஷம் பூரா அண்ணனுக்கு மாவரைக்கிற வேலைய என் தலையில கட்டிட்டுக் கிளம்பலாம்னு பார்க்கிறீங்களா?" என்றாள், அவள் சொன்னதைக் காதில் வாங்கியிருந்த நாத்தனார் மில்காள்.

ரேயுமாளுக்குச் சிரிப்பு வரவில்லை. கண் முழுக்க வயலின் அந்தக் கோடியில், சக்கூர் மேல் இருந்தது.

உச்சிப்பொழுதில் அவன் நேராக அவளை நோக்கி வந்தான். வாயைத் திறந்தான். அவள் கையிலிருந்த கட்டு நழுவியது.

தண்ணீர் கேட்டான்.

பிற்பகலில் இன்னொரு முறை வந்து நின்றான். தொண்டையைச் செருமினான். கழுதைக்குத் தீனி வைத்தாயா என்று கேட்டுவிட்டுப் போனான்.

இந்தச் சூரியனுக்கு இன்றைக்கென்று என்ன வந்தது? மலை உச்சியில் ஆணி அடித்தாற்போல் நின்றது.

ஒருவழியாக இறங்கியது. மேட்டின் மேல் முதல் நட்சத்திரம் தெரிந்தது. ரேயுமாள் அரிதாள்களின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். இனி அவன் உயிருக்குப் பயமில்லை.

அந்த நிம்மதி நாலு மூச்சுக்குக்கூட நிலைக்கவில்லை. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு வருடம். போகாதே என்று ஒரு வார்த்தை, பேச்சுக்காவது, இந்த மனுஷனுக்கு வரவில்லையே.

சக்கூர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இன்னைக்கு நான் வேண்டாம்னு சொல்லியிருந்தாலும் அது செல்லாது, ரேயுமா. நீ நேர்ந்துக்கிட்ட அன்னைக்கே என் காதுல விழுந்துச்சு."

அவள் மெல்லத் திரும்பினாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தடுத்திருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. செத்துப்போயிருவேனோன்னு பயந்து, தூங்குற மாதிரியே கிடந்துட்டேன்."