பன்னிரண்டு ஆண்டு ஓடிய சீல்

அர்ஜென்டினாவின் கோர்தோபா பம்பு ஆலையில், உறைகுளிர்த் திரவ நைட்ரஜன் கசியாமலிருக்க இளம் பொறியாளர் நொயேமி வரைந்த 'சீல்' என்ற புது அடைப்பு வளையத்தைத் தலைமைப் பொறியாளர் ஓஸ்வால்டோ ஏற்கவில்லை.

"இந்தக் குளிருக்கு ஒரு வாரம் தாங்காது, பொண்ணே. உன் பிடிவாதம் வேணா தாங்கும்."

மதியம் சோதனைக்கு ஒரு பெட்டி வந்தது. உள்ளே உறைபனி படிந்த, பன்னிரண்டு ஆண்டு ஓடிய சீல். ஒரு சொட்டும் கசிந்ததில்லை என்றது சீட்டு.

ஆலை வழக்கப்படி அதில் வரைபட எண்ணும், வரைந்தவர், ஒப்புதல் தந்தவர் முதலெழுத்துகளும் பொறிக்கப்பட்டிருந்தன. எண், அன்று காலை அவள் வரைந்து முடித்த படத்தினுடையது. எழுத்துகள் அவர்கள் இருவருடையவை.

பயத்துக்கு முன்பே பெருமை வந்துவிட்டது நொயேமிக்கே வியப்பாயிருந்தது. தேயாத முகப்பில் விரலை ஓட்டினாள்.

"பாத்தீங்களா, தாங்கியிருக்கு."

ஓஸ்வால்டோ மாத்தே தேநீர்க் குவளையை வைத்துவிட்டு, படத்தில் ஒப்புதல் எழுதப் பேனா கேட்டார். ஜனவரிக் கோடை வெயிலிலும் சீலின் மேலிருந்த உறைபனி உருகவில்லை.