பின்னால் கோத்த கைகள்

மாலை வெயில் ஜன்னல் வழியாக விழுந்து கூடத்துத் தரையில் ஒரு கட்டம் போட்டிருக்கிறது. அதன் ஓரத்தில், சோபாவை விட்டுவிட்டு முதன்முதலாகத் தனியாக நிற்கிறாள் பேத்தி. எதிரே தாத்தா முழங்காலை மடக்கி, கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நிற்கிறார். கால்பந்தில் தடுப்பாட்டக்காரராகக் காலம் கழித்தவர். கோலுக்கு முன்னால் பந்து கையில் பட்டால் பெனால்டி என்பதால், யார் நேரே வந்தாலும் கைகள் தாமாகப் பின்னால் போய்விடுகின்றன. அவர் ஓய்வு பெற்றது அவற்றுக்கு இன்னும் தெரியாது. "அப்பா, கையை முன்னாடி நீட்டுங்க. விழுந்துடப் போறா," என்கிறாள் மகள். "அவர்கிட்டயா சொல்றே? எங்க கல்யாண போட்டோவுலயே இந்த மனுஷனுக்குக் கை கிடையாது," என்கிறாள் மனைவி, துண்டை உதறி மடித்தபடி.

அவருக்கு எதுவும் காதில் விழவில்லை. பார்வை அந்தச் சின்னப் பாதங்களிலேயே இருக்கிறது. குழந்தை இடப்பக்கம் சாய்கிறாள், அவரும் சாய்கிறார். வலப்பக்கம் ஆடுகிறாள்; அவரும் ஆடுகிறார். பிறகு அவள் நேராக அவருடைய கால்களுக்கு நடுவே நுழைகிறாள். அந்த இடைவெளியில் பந்து போனால் மைதானமே சிரிக்கும். அந்தச் சிரிப்புக்குப் பயந்தே பழகிய கால்கள் இப்போது மெல்ல விலகி வழி விடுகின்றன. அந்தப் பக்கம் போனவள் தள்ளாடுகிறாள். பிடிமானம் தேடி உயர்ந்த பிஞ்சுக் கை, பின்னால் கோத்திருந்த விரல்களில் ஒன்றைப் பற்றிக்கொள்கிறது. திரும்பிப் பார்த்தால் விட்டுவிடுவாளோ என்று, அவர் அப்படியே நிற்கிறார்.