பனிமலைக்கு அந்தப் பக்கம்

சிறகொடிந்ததால் கூட்டத்தோடு வடக்கே திரும்ப முடியாத காட்டு வாத்து, பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் அறையில் தங்கியிருந்தது. திரையில் பூமி உருண்டை சுழல்வதைக் கண்டதும் மவுஸை அதட்டியது.

"அடேய், எங்க ஏரியைக் காட்டுடா!"

"அட்சரேகை, தீர்க்கரேகை சொல்லுங்கக்கா."

"கோடெல்லாம் எவன் கண்டான்? நேரா வடக்கே போ. பனிமலையைத் தாண்டினா இடது றெக்கைப் பக்கம் நீலமாக் கிடக்கும்."

மவுஸ் உருண்டையைத் திருப்பி, மலையைத் தாண்டி ஏரிமேல் இறங்கியது. இறங்க இறங்கக் கரையோரம் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன.

"எங்க ஆளுங்கடா!" வாத்து தொண்டை கிழியக் கூவியது. ஒரு புள்ளியும் அசையவில்லை. "விட்டுட்டுப் போனது பத்தாதா? கூப்பிட்டாத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்களோ!"

"கோவிச்சுக்காதீங்கக்கா. இது போன வருஷக் கோடையில எடுத்த படம்."

வாத்தின் கழுத்து தொங்கிப்போனது. கொஞ்ச நேரம் கழித்து, மெல்லத் திரையருகே நகர்ந்தது.

"போன வருஷமா? அப்போ நானும் அங்கதான்டா இருக்கேன். இன்னும் கிட்டப் போ. நான் எந்தப் புள்ளின்னு பார்ப்போம்."