பார்லி ஊறிய காலை

காய்ச்சலில் வாசனை அறியும் திறனைத் தொலைத்த சவரிநாதன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முதன்முதலாக வீட்டிலேயே பீர் காய்ச்சத் தொடங்கினான். மூக்குக்கு ஏதாவது வேலை கொடுத்துக்கொண்டே இருக்கும்படி டாக்டர் சொல்லியிருந்தார். பெரிய எவர்சில்வர் அண்டா, வெப்பமானி, வடிகட்டத் துணிப்பை, புளிக்கவைக்கக் கண்ணாடி ஜாடி எல்லாம் வாங்கியாயிற்று. முளைகட்டி உலர்த்தி உடைத்த பார்லியை வெந்நீரில் கொட்டிக் கிளறி, மூடி, கம்பளி போர்த்தி ஊறவிட்டான். மறுபடி திறந்தபோது சமையலறையே வெள்ளை ஆவியில் மறைந்தது. அவனுக்கு அது வெறும் சூடுதான்.

கைக்குழந்தையோடு வந்த மனைவி ஜெசிந்தா வாசலிலேயே கண்மூடி நின்றுவிட்டாள்.

“வாசனை எப்படி இருக்கு? சொல்லேன்.”

“ரொட்டி சுடுற மாதிரி... இல்லங்க, இன்னும் இனிப்பா, ஈரமா. தூங்கி எந்திரிச்ச பாப்பா தல மாதிரி இருக்கு.”

கிளறிக்கொண்டிருந்த அவன் கை நின்றது. மகள் பிறந்தது அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு. அந்தத் தலையை எத்தனையோ முறை முகர்ந்து ஏமாந்திருக்கிறான்.

கரண்டியை வைத்துவிட்டுப் போய்க் குழந்தையை வாங்கினான். ஈர ஆவி சுற்றிலும் மிதக்க, அதன் உச்சந்தலையில் மூக்கைப் பதித்தான்.

“வருதாங்க?”

அவன் இழுத்த மூச்சை வெளியே விட மனமில்லாமல் நின்றுகொண்டிருந்தான்.