வடிவாம்பாளின் பெயர்

முதன்முதலில் கணக்காளர் வடிவாம்பாளின் மேசையருகே வைக்கப்பட்டதால், அந்த நிறுவனத்தின் கணினிகளையெல்லாம் இணைக்கும் சர்வருக்கு அவருடைய பெயரையே சூட்டியிருந்தார்கள். பின்னர் அது கண்ணாடி அறைக்குள் இடம்பெயர்ந்தது. பெயர் மட்டும் மாறவில்லை. "வடிவு மறுபடியும் படுத்துட்டா", "வடிவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கப்பா" என்று அவர் எதிரிலேயே அலுவலகம் நாள்தோறும் சிரித்தது. ஓய்வு பெறும் நாளில் அவர் ஒன்றை மட்டுமே கேட்டார்: தம் பெயர் தம்முடனேயே வெளியேற வேண்டும். பொறியாளர் ஜெரால்டு மதியம் பெயரை மாற்றினார். உடனே எல்லாக் கணினிகளும் நின்றுவிட்டன. ஒவ்வொன்றும் பழைய பெயரையே தேடிக்கொண்டிருந்தது. பில் போட முடியவில்லை என்று முதலாளி கத்தினார். ஜெரால்டு அவசரமாக எதையோ தட்டியதும் கணினிகள் மீண்டும் இயங்கின.

"மாத்தியாச்சு மேடம். இனிமே இதுக்குப் பேரு 'மெயின்'."

"பழைய பேரைச் சொல்லிக் கூப்பிட்டா?"

ஜெரால்டு திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அதுக்கும் பதில் சொல்லும். இல்லேன்னா இங்க ஒரு கம்ப்யூட்டரும் ஓடாது."

"எவ்வளவு நாளைக்கு?"

"அந்தப் பழைய பேரை எடுக்க இனி எவனுக்கும் தைரியம் வராது மேடம்."

வடிவாம்பாள் பிரிவுபசார மாலையைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு வாசலை அடைந்தார். உள்ளேயிருந்து ஒரு குரல் எழுந்தது: "மெயினெல்லாம் எதுக்குடா, வடிவைக் கூப்பிடு." கதவின் கைப்பிடியைப் பற்றியபடியே அவர் திரும்பினார். கண்ணாடி அறைக்குள் சர்வரின் பச்சை விளக்கு அவர் திரும்பும் முன்பே சிமிட்டத் தொடங்கியிருந்தது.